கொட்டாய்க்கு எந்த பேட்டரி? கணக்கு முதலில், கடை அப்புறம்

வில்லியனூர், பாகூர் பக்கம் கரண்ட் கம்பம் எட்டாத நிலத்தில் கொட்டாய் போட்டுத் தங்குகிற உழவர்களுக்கு இந்தப் பாடம். சோலார் பேனல் எதுவானாலும், பணத்தைத் தின்பது பேட்டரிதான்.

முதலில் தினச்செலவைக் கூட்டுங்க. 9 வாட் எல்இடி பல்பு 4, ஐந்து மணி நேரம்: 180 வாட்-மணி. 30 வாட் பிஎல்டிசி ஃபேன், எட்டு மணி நேரம்: 240. வேலிக் கருவி 5 வாட், 12 மணி நேரம்: 60. செல்போனுக்கு 20. ஆக 500, அதாவது அரை யூனிட்.

நமக்குச் சோதனை ஐப்பசி, கார்த்திகையில்தான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. வெயில் இல்லாத இரண்டு நாளைக்குக் கையிருப்பு வேணும்: 1,000. இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் பங்கையும் சேர்த்தால் 1,200.

பேட்டரியிலும் மினிமம் பேலன்ஸ் உண்டு. ஈய-அமில டியூபுலர் பேட்டரியில் பாதியை விட்டுவைத்தால்தான் ஆயுசு. 12 வோல்ட், 200 ஏஎச் என்றால் 2,400, எடுக்கக்கூடியது 1,200. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80 சதவீதம் எடுக்கலாம். 12.8 வோல்ட், 120 ஏஎச் என்றால் 1,536. எடுக்கக்கூடியது சுமார் 1,230. ஆக, 200-ம் 120-ம் ஒரே வேலைதான். அட்டையில் உள்ள ஏஎச்சை மட்டும் பார்த்து விலையை ஒப்பிடாதீங்க.

டியூபுலர் வாங்க மலிவு, உள்ளூரிலேயே பழுது பார்ப்பாங்க. ஆனா டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காத்தோட்டமான இடம் வேணும், பக்கத்தில் அடுப்பு கூடாது. லித்தியத்துக்கு முதலீடு கூட. எடை குறைவு, தண்ணி ஊத்துற வேலை இல்லை, பல வருஷம் கூடுதலா உழைக்கும். சார்ஜ் கன்ட்ரோலரில் லித்தியம் செட்டிங் இருக்கணும். விலையை, கிடைக்கும் வருஷங்களால் வகுத்துப் பார்த்து முடிவெடுங்க. பழைய கார் பேட்டரி வேண்டாம்; அது வண்டியைக் கிளப்ப நொடி நேரம் வேகமாகக் கொடுக்கச் செய்தது, ராத்திரி முழுக்க ஓட்ட அல்ல.

பேனல் 300 வாட்டாவது இருக்கட்டும். மழை விட்ட பிறகு அன்றாடச் செலவும் பார்த்து, பழைய குறையையும் அது அடைக்கணும்.

மோட்டாரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீங்க. 1 எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். இரண்டு நாள் கையிருப்பு காலி. பகல் வெயிலில் சோலார் பம்பை நேரடியா ஓட்டித் தொட்டியை நிரப்புங்க. தண்ணிக்குத் தொட்டிதான் பேட்டரி. அதுக்கு மினிமம் பேலன்ஸும் கிடையாது.