பழம்புடவையும் பருவச் சாப்பாடும்: எளிமைக்கும் ஒரு கணக்கு உண்டு



இந்த மாதக் கூட்டத்துக்கான பாடம் இது. ஊக்குநர் சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர்கள் நடுவில் நிறுத்திப் பேசலாம், மறுத்தும் பேசலாம். ஒருவர் கையில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும். கடைசியில் கணக்கு எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு மழைநாள் கூட்டம்

போன கார்த்திகையில் அதிராம்பட்டினம் பக்கத்து ஊர் ஒன்றில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நாலு நாளாக விடாத மழை. வயல் வேலை நின்றுவிட்டது. கடலுக்கும் யாரும் போகவில்லை. உப்பளத்தில் முழங்கால் தண்ணீர். சேமிப்புக் கட்ட வந்தவர்களே பாதிப் பேர்தான்.

ஒரு சகோதரி உள்கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டோம். மழைக்குப் பிள்ளைகள் நடுங்குகிறதே என்று தவணைக்காரரிடம் இரண்டு கம்பளி வாங்கிவிட்டார். மளிகைக் கடையில் பாக்கி. இதற்கு மேல், கணவரின் வைத்தியத்துக்காக வெளியே வாங்கிய கடனுக்கு வாரம் தவறாமல் கட்ட வேண்டும். சொல்லும்போதே அவர் தலை குனிந்துவிட்டது.

நான் உடனே ஒரு பிரசங்கம் ஆரம்பித்துவிட்டேன். "அந்தக் காலத்தில் நம்ம பாட்டிமார்கள் பழம்புடவையைத் தைத்துப் போர்த்திக்கிட்டாங்க. கொல்லையில பறிச்சுச் சமைச்சாங்க. எளிமையா, நிம்மதியா வாழ்ந்தாங்க" என்று.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் என்னை நிறுத்தினார். "ஏம்மா, நீ எளிமைங்கிறே. எங்களுக்கு அது இல்லாமை. கம்பளி வாங்கக் காசு இல்ல, அதான் தைச்சோம். காசு இருந்திருந்தா நாங்களுந்தான் வாங்கியிருப்போம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஒண்ணு. நாங்க தைச்சதுக்குத் தவணை கேட்டு எவனும் வாசல்ல வந்து நிக்கல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த அம்மா சொன்ன இரண்டுமே உண்மை. வேறு வழியில்லாமல் செய்வது இல்லாமை. வழி இருந்தும், கணக்குப் பார்த்து நாமே முடிவு செய்து கையில் இருப்பதைப் பயன்படுத்துவது எளிமை. அந்த முடிவை எடுக்க நமக்குத் தெம்பு வேண்டும், கணக்குத் தெரிய வேண்டும், வீட்டில் உதவியும் வேண்டும். இன்றைய பாடம் இந்த மூன்றைப் பற்றியதுதான்.

கந்தை என்றால் கேவலமா?

"கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று சொல்லி வளர்த்தார்கள். ஆனால் யாராவது கந்தை என்றால் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. வங்காளத்தில் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் போர்வைக்குக் 'காந்தா' என்று பெயர். நம் கந்தையும் அவர்கள் காந்தாவும் ஒரே சொல்லில் இருந்து வந்தவை. அந்தத் தையல் இன்று பெரிய கடைகளில் விலை பேசுகிறது. நம் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் தேருக்குத் தொங்கவிடும் தொம்பை, துணித்துண்டுகளை ஒட்டித் தைத்துச் செய்கிற வேலைதான். அதை சாமிக்கே கட்டுகிறோம்.

பீகார் மாநிலம் முசாபர்பூர் மாவட்டத்தில் பூசுரா என்று ஒரு ஊர். பழந்துணிகளைச் சேர்த்துத் தைத்த 'சுஜனி'யில் பிறந்த குழந்தையைச் சுற்றுவது அந்தப் பக்கத்து வழக்கம். 1988-ல் 'அதிதி' என்ற பெண்கள் அமைப்பின் துணையோடு அந்த ஊர்ப் பெண்கள் சுஜனியை விற்பனைக்குச் செய்யத் தொடங்கினார்கள். அதிதியை நடத்தியவர் விஜி சீனிவாசன். பூவும் பறவையும் மட்டும் போடாமல் வரதட்சணைக் கொடுமை, குடி, பெண் குழந்தையின் படிப்பு என்று தங்கள் பாட்டையே அவர்கள் படமாகத் தைத்தார்கள். அந்த ஊரில் பல பெண்களுக்கு இந்தத் தையலைக் கற்றுக்கொடுத்த நிர்மலா தேவிக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதைக் கேட்டு உடனே நூறு விரிப்பு தைத்து அடுக்கிவிடாதீர்கள். அவர்கள் விற்பனைக்குப் புதுத்துணியில் செய்தார்கள், வாங்குகிறவரைப் பிடிக்கப் பல வருஷம் உழைத்தார்கள். நாம் முதலில் நம் வீட்டுக்குத் தைப்போம். விற்பனை அடுத்த பேச்சு.

விரிப்பு தைக்கும் முறை

ஒருவர் படுக்க இரண்டு நூல் புடவை போதும். நைலக்ஸ், பாலியஸ்டர் வேண்டாம். வியர்வையை உறிஞ்சாது. அடுப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் புடவைகளைக் கொதிநீரில் ஊறப்போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவையுங்கள். இற்றுப்போன இடத்தைப் பார்த்து உள்பக்கம் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஐந்தரை மீட்டர் புடவையை நீளவாட்டில் மூன்றாக மடித்தால் ஏறக்குறைய 6 அடி நீளம் வரும். இரண்டு புடவையையும் இப்படி மடித்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஆறு அடுக்கு. மெத்தென்ற புடவை மேலே இருக்கட்டும்.

மூன்றாவது, சுருக்கம் இல்லாமல் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெரிய பெரிய தையலாகப் போட்டு அடுக்குகளை நிறுத்துங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும்.

நான்காவது, இரண்டு விரல் இடைவெளிவிட்டு நீளவாட்டில் ஓட்டுத்தையல் போடுங்கள். ஏறக்குறைய 27 வரிசை வரும். ஒரு நாளைக்கு இரண்டு வரிசை போட்டால் இரண்டு வாரத்தில் முடியும். கடைசியில் புடவைக் கரையைக் கிழித்து நாலு ஓரமும் மடித்துத் தைத்தால் பிசிறாது. தற்காலிகத் தையலைப் பிரித்துவிடலாம்.

சின்னக் குழந்தைக்கு நாலு அடுக்கே போதும். குழந்தையின் முகத்தை மூடுகிற மாதிரி எந்தத் துணியையும் போர்த்தாதீர்கள்.

அன்று பேசிய அந்த அம்மா தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்துக் காட்டினார். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் நம் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டதே, அன்று அவர் வீட்டு ஓடும் போய்விட்டது. பள்ளிக்கூடத் தரையில் பேரப்பிள்ளைகளுக்குப் பாயும் போர்வையும் அந்த விரிப்புதானாம். நிவாரணப் போர்வை பிறகு வந்தது. "இது முன்னாடியே வீட்ல இருந்துச்சு" என்றார். மழைக்காலத் தேவையைக் கோடையிலேயே செய்து வைப்பது என்றால் இதுதான்.

பருவத்தோடு போகிற அடுப்படி

நமக்குக் கையில் காசு வராத மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். மளிகைப் பாக்கி ஏறுவதும் அப்போதுதான். ஆகவே சாப்பாட்டுக் கணக்கை அந்த இரண்டு மாதத்தை மனதில் வைத்துப் போட வேண்டும்.

தை, மாசி: சம்பா அறுவடை. அவரை, மொச்சை, பரங்கி, பனங்கிழங்கு மலிவு. கூலியாக நெல் கிடைத்தால் எல்லாவற்றையும் விற்றுவிடாமல் கொஞ்சம் நிறுத்திவையுங்கள்.

பங்குனி, சித்திரை: நெல் தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் வீட்டுக்கு வரும். கல்லுப்போலக் காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு மூடிவைத்தால் மழைக்காலம் வரை தாங்கும். வெயில் சும்மா கிடைக்கிறது. கொத்தவரை வத்தல், கத்தரி வத்தல், மோர்மிளகாய், வடகம் எல்லாம் இப்போதே போட வேண்டும்.

சித்திரை முதல் வைகாசி முடிய: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் வருவதால் விலை ஏறும். அதற்கு முன்பே மீன் மலிந்த நாளில் நெத்திலி, சாளை வாங்கி உப்பிட்டுக் காயவைத்தவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். முள்ளோடு சாப்பிடும் பொடிமீனில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது.

ஆடி: 'ஆடிப்பட்டம் தேடி விதை.' அவரை, பரங்கி, வெண்டை, கத்தரி, கீரை ஊன்ற இதுதான் நேரம். கடலோரத்து உப்பு மண்ணில் முளைக்கவில்லை என்பவர்கள், பழைய சாக்கிலோ உடைந்த பானையிலோ வண்டல் மண்ணும் எருவும் போட்டு நடுங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீரை வாழைக்கும் பப்பாளிக்கும் திருப்பிவிடுங்கள்.

நோன்புக் கஞ்சி மட்டும் இந்தக் கணக்கில் நிற்காது. பிறைக் கணக்கு என்பதால் ரமலான் வருஷத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். நோன்பு வைக்கும் சகோதரிகள் அந்த வருஷம் அது எந்தப் பருவத்தில் விழுகிறது என்று பார்த்து, பயறையும் அரிசியையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளலாம்.

விதைக்கு என்ன செய்வது? நம் பக்கத்து மாவட்டமான திருவாரூரில், ஆதிரெங்கத்தில், நெல் ஜெயராமன் என்ற விவசாயி 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைக் காப்பாற்றினார். 2018-ல் அவர் மறைந்தார். அவர் 2 கிலோ விதை கொடுப்பார். வாங்கினவர் அடுத்த அறுவடையில் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வாங்குவது, பெருக்குவது, திருப்புவது, அடுத்தவருக்குக் கொடுப்பது: நம் குழு உள்கடன் மாதிரியே இல்லையா? ஒவ்வொரு குழுவும் ஒரு விதைப் பெட்டி வைக்கலாம். ஒரு பிடி அவரை விதை வாங்கினவர் தை மாதம் இரண்டு பிடி திருப்பட்டும். சாம்பலில் பிசறி வைத்தால் பூச்சி விழாது.

கடைசியில் சாப்பிடுவது யார்?

இனி சங்கடமான பேச்சு. 2019–21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முருங்கை கொல்லையிலேயே நிற்கிறது. அதைப் பறித்து, ஆய்ந்து, சமைத்து, எல்லோருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டினதை வழித்துச் சாப்பிடுகிறோம். அப்படியானால் பருவச் சாப்பாட்டால் நமக்கு என்ன லாபம்? கீரையும் மீனும் முதலிலேயே எல்லோருக்கும் பங்கு பிரித்து எடுத்துவைக்கப்பட வேண்டும், நமக்கும் சேர்த்து. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது குறையும். ஒரு மணி நேரம் பொறுங்கள். ரத்தசோகை இருந்தால் கீரை மட்டும் போதாது. சுகாதார நிலையத்தில் பரிசோதித்து மாத்திரையும் சாப்பிடுங்கள்.

அடுத்தது நேரம். வத்தல் போடுவதும் விரிப்பு தைப்பதும் சும்மா ஆவதில்லை. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்த ஆண்களை மட்டும் எண்ணி. எளிய வாழ்க்கை என்று சொல்லி இன்னும் இரண்டு மணி நேர வேலையை நம் தலையிலேயே ஏற்றிக்கொண்டால் அது எளிமை ஆகாது. தண்ணீர் எடுப்பது, பயறு உடைப்பது, சாக்கில் மண் நிரப்புவது, ஊசியில் நூல் கோர்ப்பது எதுவும் ஆண் பிள்ளைக்கு ஆகாத வேலை இல்லை. மகளிடம் மட்டும் ஊசியைக் கொடுக்காதீர்கள், மகனிடமும் கொடுங்கள்.

கணக்கு எழுதுவோம்

நோட்டை எடுங்கள். உங்கள் ஊர் விலையையே போடுங்கள்.

1. போன மழைக்காலத்தில் போர்வை, வத்தல், வடகம், மசாலாப் பாக்கெட், காய்கறி இவற்றுக்கு எவ்வளவு செலவு செய்தோம்? இதில் தவணைக்கும் கடனுக்கும் வாங்கினது எவ்வளவு?
2. இதில் எதை வீட்டில் செய்ய முடியும்? செய்ய எத்தனை மணி நேரம் ஆகும்? அந்த நேரத்தில் கூலிக்குப் போனால் எவ்வளவு கிடைக்கும்? கூலி அதிகம் என்றால் அந்தப் பொருளைக் கடையில் வாங்குவதே சரி. வெட்கப்பட வேண்டாம்.
3. வேலையை வீட்டில் யார் யார் பங்கு போடுவார்கள்? பெயர் எழுதுங்கள்.
4. மிச்சமாகும் பணம் யார் பெயரில் சேரும்? அது வீட்டுச் செலவில் கரைந்துவிடாமல் உங்கள் சேமிப்புப் பாஸ்புக்கில் ஏற வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வைத்தியத்துக்கு வாங்கிய கடனை வடகம் போட்டு அடைக்க முடியாது. அன்று உள்கடன் கேட்ட சகோதரிக்குக் குழு கடன் கொடுத்தது. வாரக் கடனை எப்படிக் குறைப்பது என்று அவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் தீரவில்லை. ஆனால் இந்தப் பங்குனியில் அவரும் இன்னும் நாலு பேரும் மூத்த அம்மா வீட்டுத் திண்ணையில் கூடி விரிப்பு தைக்கத் தொடங்கினார்கள். "இந்த மழைக்குத் தவணைக்காரர் வந்தா, வேண்டாம்னு சொல்ல என்கிட்ட ஒரு வார்த்தை இருக்கு" என்றார் அவர்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பிடி விதையும், கணக்கு எழுதிய தாளும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்