மின்சாரம் வந்தும் மைக் பேசாதது ஏன்?

திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாக் கூட்டத்தில் மின்சாரம் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டர் சில விநாடிகளில் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆனாலும், குழந்தையைக் காணோம் என்ற அறிவிப்பு உடனே ஒலிக்காது. ஏன்? டிஜிட்டல் மிக்ஸர் ஒரு கணிப்பொறி. மறுபடி விழித்தெழ ஒரு நிமிடம்கூட ஆகலாம். பழைய அனலாக் மிக்ஸருக்கு இந்தத் தொல்லையே இல்லை!

நம் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். ஓர் அலைவுக்கு 20 மில்லிவிநாடி. மிக்ஸரிலுள்ள மின்தேக்கிகள் ஏறக்குறைய அவ்வளவு நேரமே தாங்கும். அதற்குள் யு.பி.எஸ். கைகொடுக்க வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 12 × 7 = 84 வாட்-மணி ஆற்றல் உண்டு. மிக்ஸருக்கு 100 வாட் எனில், இழப்புகள் போக அரை மணி நேரம் ஓடும். ஆயிரக்கணக்கான வாட் கேட்கும் ஆம்ப்ளிஃபயர்களை அதில் மாட்டக்கூடாது. அவை ஜெனரேட்டருக்காகச் சில விநாடிகள் காத்திருக்கட்டும்.