வரைபடங்களைப் பேணும் மென்பொருள்: சிக்கனமாகத் தேர்ந்தெடுக்கும் முறை

ஓர் ஓடையின் குறுக்கே சிறுபாலம் கட்டுவதானாலும், ஊருக்குக் குடிநீர்த் தொட்டி எழுப்புவதானாலும், முதலில் பிறப்பது வரைபடமே. மதிப்பீடும் ஒப்பந்தமும் கல்லும் மணலும் அதன் பின்னர் வருவன. முற்காலத்தில் மூல வரைபடம் ஒன்றுதான் இருந்தது. அது அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். வேண்டியவர்களுக்கு அதிலிருந்து நீலப்படி எடுத்துக் கொடுப்பார்கள். இன்று வரைபடங்கள் கணிப்பொறியில் வரையப்படுகின்றன. ஒரே நொடியில் பத்துப் படிகள் பெருகிப் பத்து இடங்களுக்குப் போய்விடுகின்றன. வேலை எளிதாயிற்று, ஆனால் எந்தப் படி கடைசியாகத் திருத்தப்பட்டது என்னும் கேள்வி கடினமாயிற்று.

இக்கேள்விக்கு விடை கூறுவதே ஆவண மேலாண்மை மென்பொருளின் வேலை. ஊராட்சி ஒன்றியப் பொறியியல் பிரிவுக்கோ, பல ஊராட்சிகளுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுக்கும் சிறு வடிவமைப்புக் குழுவுக்கோ, குறைந்த செலவில் தக்க மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பழைய படியால் விளையும் கேடு

வாய்க்கால் ஒன்றின் மேல் பாதை போட, 1 மீட்டர் விட்டமுள்ள 2 குழாய்கள் கொண்ட சிறுபாலம் வரையப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் நீர் செல்லும் வாயின் பரப்பு சுமார் 1.57 சதுர மீட்டர். சென்ற மழையின் வெள்ள அளவைப் பார்த்த பொறியாளர், 1.2 மீட்டர் விட்டமுள்ள 3 குழாய்கள் வேண்டும் எனத் திருத்துகிறார். இப்பொழுது பரப்பு 3.39 சதுர மீட்டர். அதாவது இரு மடங்குக்கும் மேல். ஆனால் கொத்தனார் கையில் இருப்பது பழைய படி. பாலம் குறையின்றிக் கட்டி முடிக்கப்படும். கணக்கும் சரியாக இருக்கும். அடுத்த ஐப்பசியில் மேற்புறத்து வயல்களில் நீர் தேங்கிப் பயிர் அழுகும்போதுதான் தவறு புலப்படும். நஷ்டம் வரைந்தவருக்கு அன்று, குடியானவருக்கே.

பெரிய நாடுகளிலும் பெரிய நிறுவனங்களிலும் இத்தகைய கேடுகள் நேர்ந்துள்ளன. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஒரு விடுதியின் உள்ளே தொங்கவிடப்பட்டிருந்த இரண்டு நடைபாலங்கள் 1981 ஜூலை 17-ஆம் நாள் இடிந்து விழுந்து 114 பேர் மாண்டனர். முதல் வரைபடத்தின்படி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட கம்பி மேற்பாலத்தையும் கீழ்ப்பாலத்தையும் தாங்க வேண்டும். பின்னர் அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ்ப்பாலம் மேற்பாலத்திலேயே தொங்கலாயிற்று; மேல் இணைப்பின் பாரம் இரட்டித்தது. ஒரே வடத்தை இருவர் தனித்தனியே பற்றித் தொங்குவதற்கும், கீழுள்ளவர் மேலுள்ளவரின் காலைப் பற்றித் தொங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. முதல் அமைப்பே நகரக் கட்டட விதி வேண்டிய வலிமையைப் பெற்றிருக்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. அந்நிலையில், மறுகணக்குப் போடாமல் இம்மாற்றம் ஏற்கப்பட்டதால் பேரிழப்பு நேர்ந்தது.

மென்பொருள் வேறுபாட்டாலும் இடர் விளைவதுண்டு. ஏர்பஸ் ஏ-380 விமானத்தின் மின்கம்பிகள், ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஒரே வரைமென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைக் கொண்டு வடிவமைக்கப்பட்டன. கம்பிகள் சரிவரப் பொருந்தவில்லை. 2006-இல் இது வெளிப்பட்டு, விமானங்களை ஒப்படைப்பது நெடுங்காலம் தாமதமாயிற்று. பெரிய நிறுவனத்துக்கே இந்நிலையானால், சிறு குழுவினர் இன்னும் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

மென்பொருள் செய்ய வேண்டிய வேலைகள்

விற்பனையாளர் காட்டும் பட்டியலில் நூறு வசதிகள் இருக்கக்கூடும். வடிவமைப்புக் குழுவுக்கு இன்றியமையாதவை பின்வரும் ஆறே.

1. திருத்த வரலாறு. ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எந்நாளில், எக்காரணம் பற்றிச் செய்தார் என்பது பதிவாக வேண்டும். பழைய படி அழியாமல் தனியே இருத்தல் வேண்டும்.

2. பூட்டு. எழுத்தாவணத்தில் இருவர் செய்த மாற்றங்களைப் பின்னர் ஒன்றுசேர்க்க இயலும். வரைபடக் கோப்பில் அஃது எளிதன்று. ஆகவே ஒருவர் திருத்த எடுத்தால், அவர் திருப்பி வைக்கும் வரை பிறர் அதைப் பார்க்கலாமே தவிர மாற்றலாகாது.

3. நிலைக்குறி. ‘வரைவு’, ‘சரிபார்ப்பில்’, ‘பணிக்கு வழங்கப்பட்டது’, ‘நீக்கப்பட்டது’ என்ற நான்கு நிலைகளில் வரைபடம் எதில் உள்ளது என்பது பார்த்தவுடன் விளங்க வேண்டும்.

4. இணைப்புக் காப்பு. ஒரு வரைபடம் வேறு வரைபடங்களைத் தன்னுள் அழைத்துக் காட்டுவதுண்டு. மென்பொருள் கோப்பின் பெயரையோ இடத்தையோ தானே மாற்றினால் இவ்விணைப்பு அறுந்து, தாளில் பாதி வெறுமையாகத் தோன்றும். வாங்குமுன் இதைச் சோதித்தல் வேண்டும்.

5. தமிழில் தேடல். ஊர்ப்பெயரைத் தமிழில் இட்டால் கோப்பு கிடைக்க வேண்டும். தமிழக அரசு 2010-இல் யுனிகோடு முறையை ஏற்றது. அதற்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தாள்களை மாற்றிய பின்னரே அவற்றில் தேட முடியும்.

6. வெளியேறும் வழி. நாளை வேறு மென்பொருளுக்கு மாற விரும்பினால், எல்லாக் கோப்புகளையும் வரலாற்றையும் எடுத்துச் செல்ல இயல வேண்டும். கதவு உள்ளே மட்டும் திறக்கும் களஞ்சியத்தில் நெல்லைக் கொட்டுவார் உண்டோ?

செலவுக் கணக்கு

பலர் முதல் விலையை மட்டும் பார்க்கின்றனர். ஐந்தாண்டுச் செலவைப் பார்ப்பதே முறை. கீழ்வரும் தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. விலை விசாரித்து உரிய தொகையை இட்டுக்கொள்ளலாம்.

பொறியாளர் 2 பேர், வரைவாளர் 3 பேர், மேற்பார்வையாளர் ஒருவர் என ஒரு குழுவில் 6 பேர் உள்ளனர். சந்தா முறையில் தலைக்கு மாதம் ரூ. 1,000 என்றால், ஆண்டுக்கு ரூ. 72,000, ஐந்தாண்டுக்கு ரூ. 3,60,000. இதற்கு மாறாக, உரிமக் கட்டணமற்ற கட்டற்ற மென்பொருளைச் சொந்தக் கணிப்பொறியில் நிறுவினால், கணிப்பொறி, தட்டுகள், மின்காப்பு ஆகியவற்றுக்கு ரூ. 70,000, நிறுவிப் பராமரிப்பவருக்கு ஆண்டுக்கு ரூ. 20,000 வீதம் ரூ. 1,00,000, ஆக மொத்தம் ரூ. 1,70,000. பாதிக்கும் குறைவே.

ஆனால் குழுவில் இருவரே இருந்தால் சந்தா ரூ. 1,20,000 மட்டும், அங்குச் சந்தா முறையே மலிவு. மூவராயின் ரூ. 1,80,000, இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆகவே ‘இலவசம்’ என்னும் சொல்லைக் கேட்டு மயங்குதலும் தவறு. ‘விலை உயர்ந்தது நல்லது’ என்று எண்ணுதலும் தவறு. தலைக்கணக்கே முடிவு செய்யும்.

சேமிப்பு இடத்துக்காகப் பெருந்தொகை கேட்போரிடமும் எச்சரிக்கை வேண்டும். ஆண்டுக்கு 40 பணிகள், பணிக்கு 6 தாள்கள், தாளுக்கு 3 திருத்தங்கள் என்றால் 720 கோப்புகள். ஒன்று 5 மெகாபைட் ஆனால் ஆண்டுக்கு 3.6 கிகாபைட், பத்தாண்டுக்கு 36 கிகாபைட். பெருவிரல் அளவுள்ள நினைவகத்திலேயே இஃது அடங்கிவிடும்.

கட்டற்ற மென்பொருள்களுள் சில

சப்வெர்ஷன் என்பது 2000-இல் தொடங்கப்பெற்றது. திருத்த வரலாறும் பூட்டும் உடையதாதலால் வரைபடங்களுக்கு ஏற்றது. எனினும் பழகச் சில நாட்கள் ஆகும். 2005-இல் தோன்றிய கிட் என்பது முதன்மையாக நிரல் எழுதுவோருக்கு உரியது; பெரிய வரைபடக் கோப்புகளுக்கு அதை அப்படியே கையாளுதல் பொருந்தாது. நெக்ஸ்ட்கிளவுட் 2016-இல் வந்தது. சாதாரணக் கோப்புறை போலவே தோன்றுவதால் எவரும் எளிதில் பழகலாம். ஆனால் அது பழைய படிகளை நாளடைவில் தானே களையும் வழக்கமுடையது. வரலாறு வேண்டுவோர் அவ்வமைப்பை முதல் நாளே நிறுத்தி வைத்தல் வேண்டும். காகிதத் தாள்களை வருடிச் சேர்த்துத் தேடுவதற்கு மாயன் போன்ற மென்பொருள்கள் உள்ளன. டெசராக்ட் என்னும் எழுத்துணரி அச்சிட்ட தமிழைப் படிக்கும். கையெழுத்துக்கு அதை நம்பலாகாது.

பணிக்கு வழங்கிய வரைபடத்தை மூலக்கோப்பாக மட்டுமன்றி, நெடுங்காலப் பாதுகாப்புக்கென 2005-இல் உலகத்தரமாக வகுக்கப்பட்ட பி.டி.எஃப்-ஏ வடிவிலும் சேர்த்து வைப்பது நலம்.

விதை நெல்லைப் போல

விதை நெல் முழுவதையும் ஒரே குதிரில் வைப்பவர் இல்லை. கோப்புகளும் அவ்வாறே. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். அன்றியும், விதைக்குமுன் நூறு மணிகளை ஈரச்சாக்கில் முளைக்க வைத்துப் பார்ப்பது உழவர் வழக்கமன்றோ? காப்புப் படியிலிருந்து மாதம் ஒரு முறை சில கோப்புகளை மீட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்பு, முளைத்துப் பாராத விதை.

புதிய மென்பொருளை ஒரே நாளில் எல்லாப் பணிகளுக்கும் புகுத்தலாகாது. ஒரு பணியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மாதம் நடத்திப் பார்க்க வேண்டும். அதற்குமுன் பெயரிடும் முறையை வகுக்க வேண்டும்: ஊராட்சி, பணி எண், தாள் எண், திருத்த எண் என்ற வரிசை போதும். ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசியிலும் கடைசி’ என்று பெயரிடும் வழக்கம் நீங்காத வரை எந்த மென்பொருளும் பயன் தராது.

உறுப்பினர்களின் கடமை

பொறியாளர் அல்லாத நாம் இதில் செய்யக்கூடியது யாது? மிக எளிது. பணி நடக்குமிடத்திற்குச் செல்லும்போது, வரைபடத்தின் வலப்புற அடிக்கட்டத்தைப் பார்த்து, வரைபட எண், திருத்த எண், நாள், கையொப்பம் நான்கையும் குறித்துக்கொள்ளலாம். பின்னர் அலுவலகத்தில் ‘பணிக்கு வழங்கப்பட்டது’ என்று உள்ள படியின் எண்ணோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒத்தால் நன்று. ஒவ்வாவிடில் கான்கிரீட் இடுமுன் உதவிப் பொறியாளரிடம் தெரிவிக்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம் பதிவேடுகளை வகைப்படுத்தி, அட்டவணையிட்டுப் பேண வேண்டுமென விதிக்கிறது. ஆகவே வரைபடங்களை ஒழுங்குறப் பேணுதல் வசதி மட்டுமன்று, கடமையும் ஆகும். மென்பொருளுக்கான தீர்மானம் மன்றத்தின்முன் வரும்போது, மேற்கூறிய ஆறு வேலைகளையும் ஐந்தாண்டுச் செலவையும் உறுப்பினர்கள் கேட்டறிவார்களாக. சிறுபாலத்தின் வாய் ஒரு முழம் குறைந்தால் வயல் மூழ்கும். அவ்வொரு முழம் சரியாக இருப்பதற்குக் கொத்தனாரின் கைக்குச் சரியான படி போய்ச் சேர வேண்டும்.