அணையும் வண்டலும்: திட்டத் தொடக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி

பெரும் பொறியியல் திட்டமொன்று எத்தனை காலம் பயன் தரும் என்பது பெரும்பாலும் அது வரைபடத்தில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. இதற்கு அணைக்கட்டுகள் சிறந்த சான்றாகும்.

ஆறு நீரை மட்டுமன்றி மணலையும் வண்டலையும் சுமந்து வருகிறது. நீரோட்டத்தின் வேகமே இச்சுமையைத் தாங்குகிறது. நீர்த்தேக்கத்தினுள் வேகம் தணியவே, பருமணல் நுழைவாயிலிலும் நுண்வண்டல் அணையை நோக்கியும் படிகின்றன. நீர் கொள்ளும் இடம் ஆண்டுதோறும் குறைகிறது. அணையின் அடிமட்டத்தில் போதிய மதகுகள் இருப்பின், வெள்ளக் காலத்தில் கலங்கல் நீரின் ஒரு பகுதியை வெளியேற்றலாம். இதனால் சிறிது நீர் இழக்கப்படுமாயினும் தேக்கத்தின் ஆயுள் நீளும். இம்மதகுகள் வேண்டுமா என்பதைக் கான்கிரீட் இடுமுன்னரே தீர்மானித்தல் வேண்டும்.

சீன நாட்டில் மஞ்சளாற்றின் குறுக்கே சான்மென்சியா அணையின் கட்டுமானம் 1957-ல் தொடங்கிற்று. அக்காலத்தில் அவ்வாறு ஆண்டொன்றுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டலைக் கொணர்ந்தது. மேட்டு நிலங்களில் மண் அரிப்பைத் தடுத்தால் இவ்வளவு விரைவில் குறையும் என்று திட்டமிட்டோர் நம்பினர். நீரியல் பேராசிரியர் ஹுவாங் வான்லி இதனை மறுத்தார். கட்டுமானத்தின்போது ஆற்றைத் திருப்புவதற்கு அடியில் விடப்படும் துவாரங்களையேனும் அடைக்கலாகாது என்று வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை, 12 துவாரங்களும் அடைக்கப்பட்டன.

1960 செப்டம்பரில் நீர் தேக்கப்பட்டது. ஒன்றரை ஆண்டிற்குள் சுமார் 150 கோடி டன் வண்டல் படிந்தது. மேற்புறத்தில் துங்குவான் என்னுமிடத்தில் ஆற்றுப்படுகை ஏறத்தாழ 4.5 மீட்டர் உயர்ந்தது. அங்கு வந்து கலக்கும் வெய் என்னும் உபநதியின் கரையிலுள்ள வயல்களுக்கும் சியான் நகருக்கும் வெள்ள அபாயம் உண்டாயிற்று. எனவே 1962-ல் நீர் தேக்கும் முறையை மாற்ற நேர்ந்தது. பின்னர் கரையைக் குடைந்து இரு சுரங்கங்கள் அமைக்கப்பட்டன. அடைத்த துவாரங்களும் 1970 முதல் மீண்டும் உடைத்துத் திறக்கப்பட்டன. முதலில் 1,160 மெகாவாட் என வகுக்கப்பட்ட மின்னாற்றல், திருத்தத்திற்குப் பின் 250 மெகாவாட்டாகக் குறைந்தது. அணைக்காகத் தம் நிலத்தை விட்டுப் பெயர்ந்த இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட மக்களின் இழப்போ ஈடுசெய்ய இயலாததாயிற்று.

நம் நாட்டிலும் இப்பிரச்சினை உண்டு. 1953-ல் சுமார் 133 டி.எம்.சி. கொள்ளளவு பெற்றிருந்த துங்கபத்திரை நீர்த்தேக்கம், 2016-ஆம் ஆண்டு அளவீட்டின்படி சுமார் 105 டி.எம்.சி. மட்டுமே கொண்டது. இக்குறைவின் விளைவைக் கால்வாய்க் கடைமடை விவசாயிகளே முதலில் உணர்கின்றனர்.

ஆகவே, சிறு தடுப்பணையாயினும் பேரணையாயினும், இடம் தேரும்போதே மூன்று கேள்விகளுக்கு விடை காணல் வேண்டும். வெள்ளக் காலத்தில் ஓடை எவ்வளவு மண் கொணர்கிறது? அம்மண் எவ்வழியே வெளியேறும்? நம் மதிப்பீடு தவறாயின், பின்னர்த் திருத்துவதற்கு என்ன வழி விட்டிருக்கிறோம்?

களப்பணியாளர் முதற் கேள்விக்குரிய அளவீட்டைக் கோடையில் மட்டும் எடுத்தல் போதாது; வண்டலின் பெரும்பகுதி சில நாள் வெள்ளத்திலேயே வந்து சேர்கிறது. ஆசிரியர்கள், மழைக்காலத்து ஓடை நீரைக் கண்ணாடிச் சாடியில் எடுத்து, ஓரிரவு அசையாது வைத்து, மறுநாள் அடியில் படிந்த மண்ணின் கனத்தை மாணாக்கரைக் கொண்டு அளக்கச் செய்யலாம்.