குடியை விட நினைப்பவர் போய் உட்கார ஓர் இடம்



மது ஹராம் என்று இந்த இதழில் எழுதித்தான் நம் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. குடிக்கிறவருக்கும் அது தெரியும். தெரிந்தும் விட முடியாமல் தவிக்கும் சகோதரருக்காகவும் அவருடைய வீட்டாருக்காகவும் இந்த மாதப் பாடம்.

நம் வீடுகளில் குடியோடு மறைப்பும் சேர்ந்துகொள்கிறது. உதவி மனு கொண்டுவரும் சகோதரிகள் "அவருக்கு உடம்பு சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஜமாஅத்தில் தெரிந்தால் மகளுக்குச் சம்பந்தம் அமையாதே என்ற பயம் அவர்களுக்கு. வைத்தியத்துக்குப் போக வேண்டிய வருஷங்கள் இப்படியே கழிந்துவிடுகின்றன.

1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகருக்கு வியாபார விஷயமாகப் போயிருந்தார் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் கைகூடவில்லை. மறுபடி குடிக்கத் தோன்றியது. அப்போது அவர் தேடியது தன்னைப் போல் குடியில் சிக்கிய இன்னொருவரை. அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அங்கிருந்து தொடங்கியதுதான். இந்தியாவுக்கு 1957-இல் வந்தது.

கூட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். முதல் நாள் நீங்கள் வாயே திறக்க வேண்டாம். குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் சேருவதற்கான தகுதி. கட்டணம் கிடையாது, உறுப்பினர்கள் விரும்பிப் போடும் காசில் செலவு நடக்கிறது, வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை. நம் டிரஸ்ட் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்! முழுப் பெயரை யாரும் கேட்பதில்லை.

இங்கே ஒரு மார்க்கக் கேள்வி எழும். அல்லாஹ் மறைத்த பாவத்தைத் தானே வெளியில் சொல்லித் திரிபவரை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, கூட்டத்தில் சொல்லலாமா? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'அல் அத்கார்' நூலில் இதற்கு வழி சொல்கிறார்கள். பாவத்திலிருந்து வெளியேறும் வழியைக் கற்றுத்தருவார், துஆச் செய்வார் என்று நம்பி, தன் ஷைகு போன்ற ஒருவரிடம் சொல்வதில் தவறில்லை, அது நல்லதே என்பது அவர்களின் கருத்து. புண்ணை டாக்டரிடம் காட்டுவதும் டீக்கடையில் பெருமையடிப்பதும் ஒன்றல்லவே. மனம் ஒப்பாதவர் ஹஜ்ரத்திடம் தனியாகக் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.

சில கூட்டங்கள் சர்ச் வளாகத்து அறைகளில் நடக்கும். அது இடவசதிக்காக மட்டும்தான், ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. அவர்களுடைய 12 படிகளில் இறைவனைப் பற்றி வரும் இடத்தில், அவரவர் விளங்கிக்கொண்டபடி என்றே இருக்கிறது. கூட்டாகப் பிரார்த்தனை சொல்லும்போது நீங்கள் மௌனமாக உங்கள் துஆவைக் கேட்கலாம். இந்தப் படிகளை இஸ்லாமிய முறையில் அமைத்து 'மில்லத்தி இஸ்லாமி' என்ற அமைப்பை 1989-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முஸ்லிம்களே தொடங்கியிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அறையில் பூட்டி வைத்து நிறுத்திவிடலாம் என்று நினைக்கும் அத்தாமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் டாக்டர், பிறகு கூட்டம். கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பைத்தியத்துக்கான இடம் என்று நினைத்து ஒதுங்க வேண்டாம்.

கூட்டம் எங்கே, எந்தக் கிழமை என்பது மாறக்கூடியது; அதனால் இங்கே அச்சிடவில்லை. மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணிலும் கேட்கலாம், கட்டணமில்லை. இரவில் மனம் தாங்காவிட்டால் 14416, தமிழிலும் பேசுவார்கள். கேட்கும்போது தமிழில் நடக்கும் கூட்டமா, திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் போகலாம். மூடியது குடியை விட விரும்புபவர்களுக்கு மட்டும். மனைவி, மக்களுக்கென்று 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற தனி அமைப்பும் உண்டு. கணவர் வர மறுத்தாலும் மனைவி அதற்குப் போகலாம்.

அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்குப் போய்வருவது அலைச்சல்தான். ஆனாலும் அங்கே தெரிந்த முகம் இருக்காது என்பது சிலருக்கு ஆறுதல். மாலைக் கூட்டமென்றால் மஃரிபைப் பக்கத்துப் பள்ளியில் தொழுதுவிட்டுப் போகலாம். திரும்ப பஸ் எப்போது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாலைந்து முறை போனால்தான் பிடிபடும். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டாலும் மறுநாள் போய் உட்காருங்கள், விரட்ட மாட்டார்கள்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வார்த்தை. குடித்ததற்காகப் பலமுறை தண்டனை பெற்ற ஒரு தோழரை ஒருவர் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி இது. கூட்டத்துக்குப் போகிறவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் எங்கே போகிறீர்கள் என்று துருவ வேண்டாம்.

பஸ் செலவு தடையாக இருந்தால் இஷாவுக்குப் பிறகு செயலாளரைத் தனியே பாருங்கள். மனு எழுத வேண்டியதில்லை, பெயர் பதிவேட்டில் ஏறாது.