மாதம் முந்திப் பிறக்கும் பிள்ளையும் 'கொர்த்திசோனே' ஊசியும்



34 வாரத்துக்கு முன் வலி வந்தாலோ பன்னீர்க்குடம் உடைந்தாலோ, ஆஸ்பத்திரியில் தாய்க்கு 'கொர்த்திசோனே' ஊசி போடக் கேட்பார்கள். "அது ஸ்டீரொயிட், பிள்ளையின்ர ஓமோனைக் கெடுத்துப்போடும்" என்று யாராவது பயப்படுத்தியிருப்பார்கள். அந்தக் கதையில் ஒரு துளி உண்மை இருக்கு. அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன்.

சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி போல இரண்டு சுரப்பிகள் உண்டு. கோர்ட்டிசோல் என்ற ஓமோன் அங்கே சுரக்கிறது. கடைசி வாரங்களில் வயிற்றுப் பிள்ளையில் அது கூடக்கூட நுரையீரல் முற்றும்; காற்றுப்பைகள் ஒட்டாமல் காக்கும் வழுவழுப்பான பொருள் நிறையும். 28 வாரத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அதற்கு நேரம் போதாது. தாயின் கோர்ட்டிசோல் உதவாதோ? பெரும்பங்கை நஞ்சுக்கொடி உடைத்துவிடும். பேற்றாமெதசோன் மருந்து அவ்வளவாக உடையாமல் பிள்ளையிடம் போய்ச் சேரும். 12 மில்லிகிராம் வீதம், 24 மணித்தியால இடைவெளியில், இரண்டு ஊசி.

மருந்து வெளியிலிருந்து வந்ததும் பிள்ளையின் சுரப்பி சில நாள் ஓய்வெடுக்கும். பிறந்தபின் சொந்தக் கோர்ட்டிசோல் குறைந்திருக்கும். பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்குள் சுரப்பி விழித்துக்கொள்ளும். சீனியும் இறங்கலாம். அதைப் பார்க்கத்தான் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள், பயப்படாதேங்கோ.

நியூசிலாந்தின் ஓக்லாந்தில் லிகின்ஸ், ஹொவி என்ற மருத்துவர்கள் இதைத் தாய்மாரில் சோதித்து 1972இல் வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகளை 30 வயதில் மறுபடி பார்த்த முடிவு 2005இல் வந்தது: கோர்ட்டிசோலிலோ பிறஷரிலோ வித்தியாசம் இல்லை. சீனித் தண்ணீர் குடித்தபின் இன்சுலின் மட்டும் சற்றுக் கூட. ஊசியில்லாவிட்டால் மூச்சுத் திணறலும் மூளையில் இரத்தக் கசிவும் வரும் ஆபத்து அதிகம். எது பெரிது என்று நீங்களே பாருங்கோ.

திரும்பத் திரும்பப் போடுவது வேறு விஷயம்; பிள்ளையின் நிறை குறையும். அதனால் வேறு ஊரிலோ முகாமிலோ முதல் ஊசி போட்டிருந்தால் நாளையும் நேரத்தையும் எழுதி, கடதாசியோடு கொண்டுபோங்கோ. சீனி வருத்தம் இருந்தாலும் கட்டாயம் சொல்லவேணும்: ஊசிக்குப் பிறகு தாயின் சீனி ஏறும்.

போலிக்கிளினிக்கோவும் சிவிக்கோவும் ஒரேத்தோவுக்குக் கிட்டத்தான். பெர்மெஸ்ஸோ இல்லையென்று வலியோடு வீட்டில் கிடக்காதேங்கோ. எஸ்தீபீ இலக்கத்தில் பேறுகாலப் பராமரிப்பு உண்டு. பெர்மெஸ்ஸோ இல்லை என்பதற்காக ஆஸ்பத்திரி பொலிசுக்கு அறிவிக்கக் கூடாது என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவசரமென்றால் 112. மொழி வராவிட்டால் இதைப் பாடமாக்குங்கோ: "சோனோ இஞ்சிந்தா", நான் கர்ப்பிணி. பிறகு வாரக் கணக்கு: "வெந்தொத்தோ செத்திமானே", 28 வாரம். உங்கள் வாரத்துக்குரிய சொல்லை கொன்சுல்தோரியோவில் கேட்டு எழுதி, கைப்பையில் வையுங்கோ.