கத்திரி பிறப்பதற்குள்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே உன்னைப் பற்றித்தான் பேச்சாக இருக்கிறது. போன வாரம் ராத்திரி கரண்ட் போய் விடிகிற வரைக்கும் வரவில்லையாம். நீ கடல்மீன் தொட்டியை விட்டு நகராமல் மக்கில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாயாம், காலையில் அப்படியே வேலைக்குக் கிளம்பிவிட்டாயாம். உன் அம்மா சொன்னாள். தூக்கமில்லாத கண்ணோடு பைக்கிலா போனாய்? அவளிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உன்னிடம் போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல பெரியப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நீ செய்தது சரியான காரியம். ஓரடி உயரத்திலிருந்து ஊற்றும்போது தண்ணீரோடு காற்றும் உள்ளே இறங்குகிறது. கரண்ட் இல்லாத தொட்டியில் மீன் முதலில் சூட்டால் சாவதில்லை, மூச்சு முட்டித்தான் சாகிறது. உப்புத்தண்ணீரில் நல்ல தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஆக்சிஜன் கரையும். அதுவும் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் கரைந்தால், 32 டிகிரியில் 6 மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாகச் சூடாக மீனுக்கோ மூச்சு அதிகம் வேண்டும். தொட்டிப் பாறையில் வாழும் பாக்டீரியாவும் அதே ஆக்சிஜனில்தான் பங்கு கேட்கும். குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் நான் வேலை பார்த்த காலத்தில், காற்று ஊதும் ப்ளோயர் சத்தம் நின்றால் எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பெரியம்மாவைக் கேள், இன்றைக்கும் ஃபேன் நின்றால் அப்படித்தான்.

ஆனால் மக்கைப் பிடித்துக்கொண்டு நீ கோடை முழுக்க உட்கார முடியாது. கரண்ட் போனதும் தானே ஓடத் தொடங்குகிற பேட்டரி ஏர் பம்ப் இரண்டு வாங்கி வை. ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று இருக்கும். மூடியை உடனே எடுத்துவிடு. விளக்கு வேண்டாம். தீனி போடவே போடாதே. இரண்டு நாள் பட்டினி கிடந்து எந்த மீனும் சாகாது. தின்றால் அமோனியா ஏறும். கடல்தண்ணீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால், அதே அமோனியா நல்ல தண்ணீரில் செய்வதைவிட இங்கே அதிகக் கேடு செய்யும். சூடு ஏறினால் ஐஸ்கட்டியை நேரே போட்டுவிடாதே, உப்பு இறங்கிவிடும். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, மூடியோடு மிதக்கவிடு. ஒரு பாட்டில் உருகிய பிறகுதான் அடுத்தது. மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கினால் அதுவும் மீனுக்கு அதிர்ச்சிதான். சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீர்மேல் வீசவிட்டாலே இரண்டு டிகிரி குறையும். ஆவியாகிப் போனது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே இருக்கிறது. ஆகவே குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்று.

அந்த கேனிஸ்டர் ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கரண்ட் போனவுடன் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடு. சில மணி நேரம் நின்றால் உள்ளே இருக்கும் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, அழுக ஆரம்பித்துவிடும். கரண்ட் வந்ததும் அது தானாக ஓடி, அந்தத் தண்ணீரை எல்லாம் தொட்டிக்குள் கக்கும். ராத்திரி முழுக்கக் காப்பாற்றின மீனைக் காலையில் அதுவே கொன்றுவிடும். உள்ளே இருப்பதைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளியில் அலசிவிட்டுப் பிறகு ஓட்டு. தண்ணீர் மாற்ற வேண்டி வந்தால் உதவ, ஒரு டிரம்மில் உப்புத்தண்ணீர் கலந்து எப்போதும் தயாராக இருக்கட்டும்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கவா, ஜெனரேட்டர் வாங்கவா, மீனைக் குறைக்கவா என்று கேட்டிருந்தாய். உன் சம்பாத்தியம், உன் வீடு, முடிவு உன்னுடையது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேதாரண்யத்து இறால் குளத்து விஷயத்தை உன் அப்பா உனக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பான். சதுர மீட்டருக்கு 60 வனாமி இறால் வரை விடலாம் என்று விதி இருக்கிறது, ஏரேட்டர் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, பிறகு ஏன் நீ சொல்கிற 30 என்று அவன் கேட்டான். 60 என்பது விடக்கூடிய உச்சம், விட்டே ஆகவேண்டிய கணக்கு இல்லையடா என்றேன். கேட்கவில்லை. மே மாத ராத்திரியில் கரண்ட் போனது, ஜெனரேட்டர் கிளம்பவில்லை. குளத்தில் விடிவதற்கு முன்னால்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு, பகலில் ஆக்சிஜன் கொடுக்கிற பாசியே ராத்திரியில் அதை இழுத்துக்கொள்ளும். வெளிச்சம் வந்தபோது கரையோரமெல்லாம் இறால் மேலே வந்து தவித்துக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர்காரன் ஏமாற்றிவிட்டான் என்று உன் அப்பா இன்றுவரை சொல்கிறான். ஜெனரேட்டர் மேல் குற்றமில்லை. 30 விட்டிருந்தால் அந்த ராத்திரியை அந்தக் குளம் தாங்கியிருக்கும். கருவி ஓடுகிற நாளை வைத்து உயிரை எண்ணக் கூடாது, கருவி நின்ற ராத்திரியை வைத்து எண்ணணும். இதை அவனிடம் சொன்னால் சண்டை வருகிறது, உன்னிடம் சொல்கிறேன்.

உன் நாலடித் தொட்டியில் ப்ளூ டேங் ஒன்றும் எம்பரர் ஏஞ்சல் ஒன்றும் விட்டிருக்கிறாய். வட்டம் வட்டமாகக் கோடு போட்ட அந்த ஏஞ்சல் குட்டியின் படத்தைப் பெரியம்மா பக்கத்து வீட்டிலெல்லாம் காட்டிவிட்டாள். அழகுதான், மறுக்கவில்லை. அது 40 சென்டிமீட்டர் வரை வளரும் மீன் தம்பி. டேங்கும் 30 சென்டிமீட்டர் வளரும், நாளெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும் ஜாதி. உன் தொட்டியின் அகலமே ஒன்றரை அடி. கோமாளி மீன் ஜோடி இருக்கட்டும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தொட்டியிலேயே குஞ்சு எடுத்துக் காட்டிய மீன் அது, தொட்டி வாழ்க்கைக்குப் பழகும். டாம்சல் மீன் இரண்டும் இருக்கட்டும். யாராவது பவளம் விற்க வந்தால் தொடவே தொடாதே. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு.

சில்லர் கரண்ட் இருக்கும்போதுதான் உதவும். தொட்டியை உன் இன்வெர்ட்டரோடு இணை. அதில் இருப்பது 150 ஆம்பியர் மணி பேட்டரி. 12 வோல்ட்டுக்கு 1,800 வாட் மணி, பாதியைத்தான் நம்பலாம். பம்பும் அலை கிளப்பும் வேவ்மேக்கரும் சேர்ந்து 50 வாட் என்றால் ராத்திரி தாண்டிவிடும். 300 வாட் சில்லரை மாட்டினால் மூன்று மணி நேரம்கூட நிற்காது. உன் தலைமாட்டு ஃபேனுக்கும் அதில் பங்கு வை, மீனுக்காக நீ வியர்வையில் கிடக்காதே.

ஜெனரேட்டரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. பால்கனியில் வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாசனை கிடையாது, கண்ணுக்குத் தெரியாது, தூங்குகிறவனை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். நீ அங்கே தனியாக இருக்கிறாய், கதவைத் தட்டிப் பார்க்கக்கூட ஆளில்லை. தொட்டிக்குக் கீழே இருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் இன்றைக்கே சுவரில் உயரமாக மாட்டு. ஒயர் முதலில் கீழே தொங்கி, அப்புறம் பிளக்குக்கு ஏறட்டும். அப்போதுதான் வழிகிற தண்ணீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது.

கரண்ட் இனி போகாது என்றும் நம்பாதே. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. எல்லா வீட்டு ஏசியும் ராத்திரியில் ஒன்றாக ஓடினால் தெருமுனை டிரான்ஸ்பார்மர் என்ன செய்யும்? கரண்ட் போகத்தான் போகிறது, நீ தூங்குகிற நேரத்தில்தான் போகும்.

நிறையச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வேலை, சமையல், தனி வாழ்க்கை இத்தனைக்கும் நடுவில் ஒரு கடல்தொட்டியை இவ்வளவு நாள் தெளிவாக வைத்திருக்கிறாயே, நம் குடும்பத்தில் யாருக்கும் இந்தப் பொறுமை கிடையாது. உன் அப்பாவுக்கு இல்லை, எனக்கும் இல்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோதே ஹேச்சரித் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாய், இழுத்தாலும் வரமாட்டாய். உன்னை நினைத்து எனக்கு ரொம்பப் பெருமை. பெரியம்மா உனக்கு நெய் மீன் கருவாடும் ஊறுகாயும் எடுத்து வைத்திருக்கிறாள், ஊருக்கு வருகிற பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஏர் பம்புக்குப் பணம் அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லாதே.

மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் பிறந்துவிடும். அதற்குள் அந்த டேங்கையும் ஏஞ்சலையும் கொளத்தூரில் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா